அண்ணாவியின் கணக்கு: ஆயிரம் பக்க மாய நாவலைப் படமாக்குவது

குமரி மாவட்டத்துக் கோவில் கொடையில் வில்லடிப் பாட்டை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. தலைமைப் பாடகரான அண்ணாவி, வில்லை அடிக்கும் வீசுகோலைக் கையில் எடுக்கும்போதே மனதுக்குள் ஒரு கடிகாரத்தையும் ஓடவிட்டுவிடுவார். நள்ளிரவுச் சாமக்கொடைக்குப் பூசாரி தீபாராதனை காட்டுவது, கதையில் ஆள் வெட்டுப்பட்டு விழுவது, சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருவது, மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேரவேண்டும். பூஜை தாமதமானால் காட்டு வர்ணனையை அரைமணி நேரம் நீட்டுவார். பூசாரி அவசரப்பட்டால் மூன்று தலைமுறையை இரண்டே அடியில் தாண்டிவிடுவார். குடம் அடிப்பவர் அவர் முகத்தைப் பார்த்தே தாளத்தை மாற்றுவார். கேட்கிறவர்களில் பாதிப்பேருக்குக் கதை மனப்பாடம். ஆனாலும் சாமி வரவேண்டிய இடத்தில் வந்துவிட்டால், "அந்த இடத்த விட்டுட்டீரே" என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை.

நீண்ட மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவலைப் படமாக்கும் இயக்குநர் செய்யவேண்டியதும் இதையேதான். அருள் வரும் இடம், அதாவது கதை உச்சம் தொடும் இடம், எது என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு ஏற்ப நீளும், சுருங்கும், காணாமல் போகும். பெரும்பாலான தழுவல்கள் தலைகீழாக நடக்கின்றன: முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகத் திரைக்கதை எழுதிக்கொண்டே போய், நூறு பக்கம் தாண்டியபிறகு, "இன்னும் கதை பாதிகூட வரலியே" என்று விழிப்பது.

முதலில் எண்கள். 900 பக்க நாவல், பக்கத்துக்கு 250 சொல் என்றால் 2,25,000 சொற்கள். நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் வாய்விட்டுப் படித்தால் 37 மணி நேரத்துக்கு மேல் ஆகும். படம் 160 நிமிடம். பதினான்கில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது. இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. "முடிந்தவரை எல்லாவற்றையும் வைத்துக்கொள்வோம்" என்ற பேச்சு அதன்பிறகு எழாது. திரைக்கதை ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கைத் தமிழில் அப்படியே நம்பவேண்டாம். அது ஆங்கிலத் தட்டச்சு எழுத்துருவை வைத்து வந்த கணக்கு. தமிழ்ச் சொல் நீளமானது, எழுத்துரு அகலமானது. வசனக் காட்சி பக்கங்களை விழுங்கும், சண்டைக் காட்சி நாலு வரியில் முடிந்துவிடும். கையில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் உட்கார, இன்னொருவர் நடித்துப் படிக்க, ஒவ்வொரு காட்சியின் நேரத்தையும் ஓரத்தில் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பலர் கவனிக்காத ஒரு பிரிவும் உண்டு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாவிட்டால், உரிமை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாதபோது அந்த உரிமை காலாவதியாகிவிடும். நீண்ட நாவலுக்குத் திரைக்கதை எழுதவே ஒன்றரை வருடம் ஆகும். ஆகவே கால அளவு, நாடுகள், எத்தனை பாகம், இணையத் தொடர் உரிமை எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்கவேண்டும். எழுத்தாளர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அனைவரின் கையொப்பமும் தேவை. மூத்த மகன் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று தொடங்கிய படங்கள் பெட்டிக்குள் முடங்கியிருக்கின்றன.

அடுத்தது அட்டை. நாவலை முதல் முறை பேனா இல்லாமல் படிக்கவேண்டும். மூடிவைத்து ஒரு வாரம் கழித்து, என்னவெல்லாம் நினைவிருக்கிறது என்று எழுதிப் பார்க்கவேண்டும். நினைவில் நின்ற பத்துப் பதினைந்து படிமங்கள்தான் படத்தின் முதுகெலும்பு. இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் அட்டை: பக்க எண், யார், எங்கே, பகலா இரவா, அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு என்ன மாறுகிறது. இந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் அட்டைகளை அப்படியே வெளியே எடுத்து வைக்கலாம். 900 பக்க நாவலில் 350, 400 அட்டை தேறும். படம் 80 காட்சியைத் தாங்கும், கொஞ்சம் இழுத்தால் 100. மிச்சமிருப்பவற்றில் பலவற்றை வெட்டத் தேவையில்லை, ஒன்றோடொன்று கட்டலாம். ஒரே செய்தியைச் சொல்லும் மூன்று தூதர்களை ஒரு தூதராக்குவது, இரண்டு மந்திரவாதிகளை ஒருவராக்குவது. நாவலில் தாய்மாமன், குரு, படைத்தலைவன் என்று மூன்று பேர் நாயகனுக்கு அறிவுரை சொன்னால், படத்தில் தாய்மாமனே படைத்தலைவன். குரு பேசாமல் இருக்கட்டும்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தழுவலில் டாம் பாம்பாடில் என்ற பாத்திரத்தை முழுக்க விட்டுவிட்டார்கள். வாசகர்களுக்கு இன்றும் அது குறைதான். ஆனால் நாவலில் அந்த ஆளுக்கு மோதிரத்தின் சக்தி எட்டவே எட்டாது. பக்கங்களில் அது ஒரு விசித்திரம், அழகு. திரையிலோ, மோதிரம் எல்லோரையும் விழுங்கும் என்று பார்வையாளரை நம்பவைத்துக்கொண்டிருக்கும்போது, "இவரை மட்டும் ஒன்றும் செய்யாது" என்றால் பயம் பாதியாகிவிடும். அதே படத்தில் இன்னொன்று: இரண்டாம் நூலின் முடிவில் வரும் ராட்சதச் சிலந்திப் பகுதியை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நாவல் ஒரு கூட்டத்தின் கதையை முழுதும் சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போகலாம். படம் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் காட்டமுடியும். காலக்கணக்கைச் சரிசெய்தால் நிகழ்ச்சிகள் இடம் பெயரும். எந்தப் பல்லடுக்கு நாவலிலும் இது நடக்கும். எல்லாக் கிளைக்கதைகளையும் ஒரே காலண்டரில் நாள்வாரியாக எழுதிப் பார்த்தால் எது எங்கே நகரும் என்பது தெரிந்துவிடும்.

இனி, இயக்குநர் மாட்டிக்கொள்கிற இடம்: மாயத்தின் விதி. நாவலாசிரியர் இரண்டு பக்கத்தில் விளக்கிவிடலாம். படத்தில் விளக்கத் தொடங்கினால் பார்வையாளர் மொபைலை எடுத்துவிடுவார். விதி ஒரு பொருளில் ஏறி வரவேண்டும். இதை ஒரு காட்சியில் நெருக்கமாகப் பார்க்கலாம்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த யட்சிக் கதைதான். கள்ளியங்காட்டு நீலி வகையறா. இரவு, பனங்காட்டு வழி, தனியாக வரும் வியாபாரி. ஒரு பெண் எதிரே வந்து சுண்ணாம்பு கேட்கிறாள். விரலில் வைத்து நீட்டினால் தீர்ந்தது. காலையில் பனைமூட்டில் நகமும் முடியும்தான் மிஞ்சும். இரும்பின் நுனியில் வைத்து நீட்டினால் அவளால் ஒன்றும் செய்யமுடியாது. இப்படி ஒரு நிகழ்ச்சி கற்பனை நாவலொன்றில் 11 பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: நாலு பக்கம் நிலவும் பனையும், மூன்று பக்கம் அவள் முன்கதை, இரண்டு பக்கம் உரையாடல், இரண்டு பக்கம் சாவு.

படத்தில் இந்தக் காட்சி இரண்டே முக்கால் நிமிடம். இரும்பு விதியை இங்கே சொல்லக்கூடாது. முன்பே சொல்லியிருக்கவேண்டும், அதுவும் சொல்லாமல். முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போடுகிறவர் மடியில் பாக்குவெட்டி இருக்கும். அது இரும்பு. ஆகவே முதல் கால்மணி நேரத்தில் ஒரு கிழவி பாக்குவெட்டியின் நுனியால் சுண்ணாம்பை எடுத்துப் பேரனுக்கு வெற்றிலையில் தடவித் தருகிறாள். வெறும் பழக்கம்போலத் தெரியும். இரண்டாவது முறை, அந்தி சாய்ந்தபிறகு ஒருவன் விரலால் எடுக்கப்போக, அவள் அவன் கையைத் தட்டிவிட்டுப் பாக்குவெட்டியை நீட்டுகிறாள், காரணம் சொல்வதில்லை. மூன்றாவது முறை வியாபாரி சந்தையில் பாக்குவெட்டியை அடகு வைக்கிறான். பனங்காட்டுக் காட்சி வரும்போது பார்வையாளர் அவன் மடியைத்தான் பார்ப்பார். அவள் கேட்கிறாள்: "அண்ணாச்சி, முறுக்கான் போட இத்திரி சுண்ணாம்பு இருக்குமா?" அவன்: "இந்தா, கைய நீட்டு பிள்ளே." இவ்வளவுதான் வசனம். முன்கதை மூன்று பக்கமும் போய்விட்டது. அதற்காக வருத்தப்படவேண்டாம். அவள் யார் என்பது பின்னால் ஒரு வில்லடிக் காட்சியில் நாலு அடியில் வந்துவிடும்.

ஷாட் கணக்கில் இது 14. பனையும் வழியுமாக ஓர் அகலக் காட்சி, அவன் நடை, காலடி, குரல் கேட்டுத் திரும்பும் முகம், அவள் முதலில் இடுப்புக்கு மேல் மட்டும். சுண்ணாம்புக் கரண்டகத்தைத் திறக்கும் கை, மடியைத் தடவி எதுவும் இல்லாமல் திரும்பும் விரல்கள், நுனிவிரலில் வெள்ளைச் சுண்ணாம்பு. இந்த மூன்றும் மிக நெருக்கத்தில் வேண்டும், நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில். நிஜச் சுண்ணாம்பு வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், இரவு முழுக்க எடுக்கும்போது விரலும் வெந்துவிடும். அரிசிமாவைக் கிளிசரினில் குழைத்தால் விளக்கொளியில் வித்தியாசம் தெரியாது. சாவைக் காட்டத் தேவையில்லை. காய்ந்த பனையோலைகள் உரசும் சத்தம் கூடிக்கொண்டே போய் நிற்கிறது. விடிகாலை. ஒரு கரண்டகம் மணலில்.

அவள் தரையில் கால் படாமல் வரவேண்டும் என்றால் உடனே கம்பிக்கும் கணினிக்கும் ஓடவேண்டாம். கேமரா வைத்திருக்கும் டிராலியோடு இன்னொரு பலகையைப் பிணைத்து, அதன்மேல் நடிகையை நிற்கவைத்து, இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் போதும். முழங்காலுக்கு மேல் ஃப்ரேம். அவள் அசையமாட்டாள், பின்னால் பனைகள் நகரும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் முதுகு சிலிர்க்கும். மெதுவான வேகத்தில் 12 நொடிக்கு இருபது அடிப் பாதை வேண்டும், எட்டடி ரெயில் மூன்று. இங்கே கெட்டுப்போவது ஒன்றேதான்: நம் கடலோரத் தோப்பு மணல். ரெயிலை நேரடியாக மணலில் போட்டால் மூன்றாவது டேக்குக்குள் ஒரு பக்கம் இறங்கிவிடும். அடியில் ப்ளைவுட் பலகை பரப்பி, மரச்சீப்பு சொருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்தபிறகே தள்ளவேண்டும்.

நீலி கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள் என்பதையும் இப்படியே செய்யலாம். கேமராவுக்கு மிக அருகில் ஒரு பனைத்தடி. அவள் அதன் பின்னால் கடக்கும் அரைநொடியில் தடி ஃப்ரேமை முழுதாக மறைக்கிறது. இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் பிள்ளை. இரண்டு டேக்கை அந்த இருட்டில் ஒட்டவேண்டும். கேமரா வேகம் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க ரெயிலில் சுண்ணக்கோடு போட்டு எண்ணிக்கொண்டு தள்ளவேண்டும். இயற்கை வெளிச்சமென்றால் இரண்டு டேக்குக்கும் இடைவெளி 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. பிள்ளை நடிப்பதென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். குழந்தைகள் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது விதி. அதை அட்டவணையில் முதலிலேயே எழுதாவிட்டால் கடைசி நாளில் பொம்மையோடுதான் எடுக்கவேண்டியிருக்கும். பொம்மை எப்போதும் பொம்மையாகவே தெரியும்.

கணினி வரைகலைக்கு உரிய இடம் இல்லாமல் இல்லை. பறக்கும் விலங்கு, எரியும் கோட்டை, பத்தாயிரம் பேர் படை. ஆனால் 5 நொடி ஷாட் என்பது 120 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் வேலை இருக்கிறது. படப்பிடிப்பில் சோம்பல்பட்டால் பின்னால் பத்து மடங்கு கொடுக்கவேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் லென்ஸ் அளவு, கேமரா உயரம், சாய்வு எழுதப்பட்ட தாள். அதே இடத்தை ஆளில்லாமல் எடுத்த ஒரு ஷாட், 'வெற்றுத்தட்டு' என்பார்கள். சாம்பல் உருண்டையும் கண்ணாடி உருண்டையும் வைத்து எடுத்த பத்து நொடி. பல திசை ஒளியைப் பதிவுசெய்யும் படம். இந்த நாலும் இல்லாத ஷாட்டை வரைகலைக் கூடம் வாங்கிக்கொள்ளும், ஆனால் உருவத்தின் நிழல் தரையில் ஒட்டாது. பின்னணியைப் பிறகு கணினியில் மாற்றுவதற்காகத் தோட்டத்துக்குள் எடுக்கும்போது பச்சைத் திரை போட்டால் இலையும் திரையும் கலந்துபோகும், நீலத்திரைதான் வேண்டும். அதுவும் விரித்த கூந்தலுக்கு வேண்டாம். காற்றில் பறக்கும் ஒவ்வொரு இழையையும் கையால் வெட்டியெடுக்கும் ரோட்டோ வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். யட்சியின் கூந்தல் அவிழும் ஷாட்டை இருண்ட பின்னணியில், பின்னாலிருந்து ஓர் ஒளிக்கோடு மட்டும் கொடுத்து, நிஜமாகவே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இனி மண். குமரி மாவட்டம் சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான். நாகர்கோவிலில் தங்கினால் கடலும் காடும் அருவியும் உப்பளமும் கோட்டையும் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடும். மாய உலகத்தைப் பல நாடுகளில் தேடுகிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆனால் இங்கே ஒவ்வோர் இடத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது.

ரப்பர் தோட்டத்தைப் பழங்காடு என்று காட்டிவிடலாம் என்று வருகிறவர்கள் அதிகம். ரப்பர் பிரேசில் மரம், நம் மலையடிவாரத்துக்கு வந்து நூறு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கும். வரிசை பிடித்து நிற்கும், ஒவ்வொரு தடியிலும் பால்வெட்டுத் தழும்பும் சிரட்டையும் இருக்கும். வரிசைக்கு மூலைவாட்டில் கேமராவை வைத்தால் வரிசை உடையும்; சிரட்டையைக் கழற்றலாம்; தழும்பு உள்ள பக்கத்தைத் தவிர்க்கலாம். ஆனால் டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரிக்குள் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும். ஜனவரியில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு ஜூனில் மிச்சத்தை எடுக்க வந்தால் அது வேறு காடு. காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் நிஜக் காடு உண்டு. வனத்துறை அனுமதி வேண்டும், மழைக்காலத்தில் இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி உண்டு. உப்பும் புகையிலையும் தயாரிப்பு நிர்வாகியின் பட்டியலில் இருக்கட்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் பக்கம் பரந்த வெளியும் மலையுமாக, போர்க்களத்துக்கு வரைந்து வைத்ததுபோல இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்றாலை. சுழலும் இறக்கையை ஃப்ரேம் ஃப்ரேமாக அழிக்கவேண்டும். பின்னால் மேகம் நகர்ந்தால் செலவு இரட்டிப்பாகும். கேமராவைத் தாழ்த்தி முன்புறப் பாறையால் மறைப்பதுதான் மலிவு. மே முதல் செப்டம்பர் வரை அங்கே அடிக்கும் காற்றில் புகை இயந்திரம் பயனில்லை, வசனம் பதிவாகாது. நிலவொளிக்காக ஏற்றும் பலூன் விளக்கு பட்டமாகப் பறந்துவிடும். கொடியும் உடையும் படபடக்கும் மௌனக் காட்சிகளை மட்டும் அங்கே வைத்துக்கொள்வது நல்லது.

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலை பக்கத்தில், நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் அதன் பொறுப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். அனுமதிக்குத் திருவனந்தபுரம் போகவேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே எல்லாம் மரம், தரை பளபளக்கும் கறுப்பு. கனமான விளக்குக்கும் முக்காலிக்கும் இடமில்லை. அழிச்சன்னல் வழியே விழும் வெளிச்சக் கீற்றின் அகலத்தையும் கோணத்தையும் அளந்துகொண்டு வந்து அரங்கத்தில் அமைப்பதே மரியாதையான வழி என்று தோன்றுகிறது. சிதறால் மலையும் வட்டக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் கீழ். சிதறாலுக்கு நடந்துதான் ஏறவேண்டும். லென்ஸ், பேட்டரி எல்லாம் தலைச்சுமை. மூன்று லென்ஸுக்கு மேல் கொண்டுபோகாதவர்கள்தான் அங்கே நன்றாக எடுக்கிறார்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண். கீழே பரளியாற்றிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் அரக்கர் ஊருக்குப் போட்ட பாலம்போலத் தெரியும். மேலேயிருந்து எடுத்தால் சாதாரணக் கான்கிரீட் தொட்டி.

வெளிச்சத்துக்கு வருவோம். கன்னியாகுமரி வடக்கே எட்டு டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்குமேல். கண்குழி கறுத்து, எல்லோரும் பிணம்போலத் தெரிவார்கள். காலை பத்தரை முதல் மூன்று மணி வரை உட்புறக் காட்சிகளை வைத்துக்கொள்ளலாம். சூரியன் இங்கே செங்குத்தாக இறங்கும். கடைசி ஆறு டிகிரியைக் கடக்க ஏறத்தாழ 25 நிமிடம்தான். வெளிநாட்டுப் படப்பிடிப்புக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "அந்திப் பொன்னொளி ஒரு மணி நேரம் கிடைக்கும்" என்று அட்டவணை போட்டால் இரண்டாவது டேக்கிலேயே இருட்டிவிடும். சித்திரைப் பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா எழும். இரண்டு ஒளி ஓர் உடலில் விழும் மாயக்காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் அன்றைக்குக் கடற்கரையில் நிற்க இடம் கிடைக்காது, ஒலி ஒரு நொடிகூடச் சுத்தமாக வராது. முட்டம் பாறைகளுக்கு நகர்ந்துவிடலாம். அங்கே கடல் மேற்கே, நிலா தென்னைகளுக்குப் பின்னால்.

நடுஇரவுக் காட்சியைப் பகலில் எடுப்பதும் தப்பில்லை. தோப்புக்குள் பெரிய ஜெனரேட்டர் லாரி நுழையாது, நீளக் கேபிள் இழுத்தாலும் அதன் இரைச்சல் வரும். வெயிலைப் பின்னாலிருந்து வரும்படி வைத்து, கேமராவுக்குள் போகும் ஒளியை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைத்து, கேமராவின் வெண்சமநிலையை 3200 கெல்வினில் வைத்தால் நீல இரவு கிடைக்கும். வானம் ஃப்ரேமுக்குள் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெள்ளை மணலும் அப்படித்தான். சருகு பரப்பி மூடவேண்டும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனில் தொடங்கும், அக்டோபர், நவம்பரில் மறுபடி வரும். ஜனவரி முதல் மார்ச் வரை நம்பலாம். அருவிக் காட்சியை மட்டும் அப்போது வைக்கக்கூடாது. திற்பரப்பில் தண்ணீர் குறைந்திருக்கும். வெள்ளம் பாயும்போதோ கிட்டே போக விடமாட்டார்கள். அருவியின் அகலக் காட்சியை மழைக்குப்பின் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு, ஆட்கள் உள்ள நெருக்கக் காட்சிகளைத் தண்ணீர் தணிந்தபிறகு எடுத்து ஒட்டவேண்டும். படகு வேண்டுமென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் கேட்பது எளிது: மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். யானையோ குதிரையோ நடித்தால் விலங்குகள் நல வாரியத்தின் முன்அனுமதி இல்லாமல் தணிக்கைச் சான்றிதழ் வராது. கணினியில் வரைந்த யானை என்றால் அதையும் நிரூபித்துக் கொடுக்கவேண்டும்.

பேச்சு. நாவலில் கடவுளும் அரசனும் குறவனும் ஒரே எழுத்து நடையில் பேசலாம், கண் அதை மன்னிக்கும். காது மன்னிக்காது. யார் எந்தத் தமிழ் என்று முதலிலேயே விதி வகுக்கவேண்டும். மனிதர்கள் வட்டார வழக்கு, தெய்வங்கள் பாட்டு நடை என்பது ஒரு நல்ல விதி. வில்லடியில் பாட்டும் வசனமும் பிரிவதுபோல. ஆனால் "குமரித் தமிழ்" என்று ஒன்று கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் பேச்சு வேறு, விளவங்கோட்டில் மலையாளம் கலந்து ஓடும் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு இன்னொன்று. சென்னையிலிருந்து வரும் நடிகர்கள் எல்லாவற்றுக்கும் "ஏலே" போட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். "எங்க நிக்க மக்கா", "பைய வா கேட்டியா" போன்ற இருபது வரியை அந்தந்த ஊர்க்காரர் வாயால் பதிவுசெய்து, ஒத்திகைக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடவேண்டும். பின்குரல் (டப்பிங்) பதிவிலும் அதே ஊர்க்காரர் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கவேண்டும். அவர் முகம் சுளித்தால் திரும்பப் பேசவேண்டியதுதான்.

வெட்டுமேசையில் முதல் தொகுப்பு எப்படியும் நாலு மணி நேரம் வரும். அப்போதுதான் அண்ணாவியின் கணக்கு மறுபடி உதவிக்கு வரும். அருள் வரும் இடம் எத்தனையாவது நிமிடம்? அதற்கு முன்னால் இருபது நிமிடத்துக்குள் புதிய ஆளோ புதிய இடமோ வருகிறதா? வந்தால் தூக்கிவிடலாம், எவ்வளவு செலவு செய்து எடுத்திருந்தாலும். இடைவேளையைப் பெரிய சண்டையில் வைக்கும் பழக்கம் உண்டு. மாயக்கதையில் விதி புரியும் இடத்தில் வைப்பதே மேல். முறுக்கு வாங்கப் போகிறவர்கள் அதைப்பற்றிப் பேசிக்கொண்டே போவார்கள். நாவலைப் படிக்காத ஐந்து பேருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் போட்டுக் காட்டி, முதல் கூட்டத்துக்கு எங்கே புரியவில்லை என்று மட்டும் கேட்கவேண்டும். இரண்டாவது கூட்டம் எதெல்லாம் இல்லை என்று சொல்லும், கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு ஒலிக்கலவை. பனங்காட்டில் எடுத்தபோதே, எல்லோரையும் வாயடைக்கச் சொல்லி, ஆளில்லாத காட்டின் ஓசையை இரண்டு நிமிடம் தனியாகப் பதிவுசெய்திருக்கவேண்டும். காய்ந்த ஓலையின் அந்தத் தகரச் சத்தத்தை எந்த ஒலி நூலகத்திலும் வாங்கமுடியாது. பாக்குவெட்டியின் 'நறுக்'கும் அப்படியே. கிழவி வெட்டும் இரண்டு காட்சியிலும் சந்தைக் காட்சியிலும் அது ஒரே உயரத்தில், ஓலைச் சத்தத்துக்கு மேலே, நடுஒலிபெருக்கியில் வரவேண்டும். பனங்காட்டில் அது வரக்கூடாது. அடகுக்குப் போன பொருளின் ஒலி அங்கே இல்லை என்பது காதுக்குத் தெரிய, அதற்கு முந்தைய மூன்று முறையும் நன்றாகக் கேட்டிருக்கவேண்டும். சென்னைக் கலவை அறையில் கேட்டால் மட்டும் போதாது. பழைய ஒலிபெருக்கிகள் உள்ள ஒரு சிற்றூர்த் திரையரங்கில் காலைக்காட்சிக்கு முன்னால் அந்த ரீலை ஓட்டிப் பார்த்து, 'நறுக்' கேட்கவில்லையென்றால் மூன்று டெசிபல் ஏற்றி, மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும்.